பழவேற்காட்டுக்கு எதற்குச் சாகசப் பாடம்?

மலை உச்சியைத் தொட்டவர், கடலைத் தனியாகச் சுற்றி வந்தவர், துருவப் பனியில் சிக்கி மீண்டவர் என்று யாராவது ஒருவருடைய கதை இல்லாமல் இன்று தொழில்முனைவோர் பயிற்சி வகுப்பு எதுவும் முடிவதில்லை. திரையில் பனிமலை வரும், பாய்மரக் கப்பல் வரும். பேச்சாளர் குரலை உயர்த்தி, "அவர் ரிஸ்க் எடுத்தார், ஜெயித்தார். நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?" என்பார். பெட்டிக்கடை வைத்திருப்பவரும் இட்லி மாவு அரைத்து விற்பவரும் கை தட்டுவார்கள். சிறுதொழிலில் ஜெயிப்பவர்கள் துணிந்தவர்கள், தோற்பவர்கள் தயங்கியவர்கள் என்ற எண்ணம் இப்படித்தான் ஊர் ஊராக வேர்விட்டிருக்கிறது. புத்தகங்கள் இதைச் சொல்கின்றன, கல்லூரி விழாக்கள் சொல்கின்றன, கடன் கொடுக்கும் நிறுவனங்களின் விளம்பரங்களும் சொல்கின்றன.

இதை நான் மறுக்கிறேன். ஊக்கம் தரும் பேச்சு என்றால் கொஞ்சம் மிகை இருக்கத்தான் செய்யும், போகட்டும் என்று விட்டுவிட முடியவில்லை. இதே வகுப்பு பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் நடக்கிறது. மகளிர் குழுப் பெண்களையும் வலை பின்னும் இளைஞர்களையும் உட்காரவைத்து, உங்களிடம் துணிச்சல் போதவில்லை என்று சொல்லப்படுகிறது. வாரத்தில் பல நாள் விடியும் முன் முகத்துவாரத்தைத் தாண்டிப் போகிறவர்களிடம் இதைச் சொல்வது முதலில் அவமரியாதை. அதைவிடப் பெரிய கேடு, கேட்டவர் அதை நம்பிக் கடன் வாங்குவது.

இந்தக் கதைகளிலேயே அதிகம் புழங்குவது எர்னஸ்ட் ஷேக்கிள்டனுடையது. 1914-இல் 'எண்டூரன்ஸ்' என்ற கப்பலில் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கக் கிளம்பினார். கடல்பனி கப்பலைக் கவ்விக்கொண்டது. 1915 நவம்பரில் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 28 பேரும் மாதக்கணக்கில் பனிப்பாளத்தின் மேல் கிடந்து, பிறகு படகுகளில் எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். அங்கிருந்து ஆறு பேர் 'ஜேம்ஸ் கேர்டு' என்ற சிறு படகில் ஏறத்தாழ 800 கடல் மைல் போய்த் தெற்கு ஜார்ஜியா தீவில் உதவி தேடினார்கள். 1916 ஆகஸ்ட் கடைசியில் தீவில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். மனித உறுதிக்கு இதைவிடப் பெரிய சான்று அரிது. அந்த மனிதரை நானும் வணங்குகிறேன். அவரை நிர்வாகவியல் ஆசானாக்கி 2001-இல் 'ஷேக்கிள்டன்ஸ் வே' என்ற புத்தகம் வந்தது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் அவர் கதை பாடமாகவே நடத்தப்படுகிறது.

தொழில் பாடம் என்று சொல்லிவிட்ட பிறகு தொழில் கணக்கைக் கேட்பதுதான் முறை. எடுத்த காரியம் முடியவில்லை. அண்டார்க்டிகாவை அவர் கடக்கவே இல்லை. முதலீடு பெரும்பாலும் அவருடையது அல்ல. பிரிட்டிஷ் அரசு 10,000 பவுண்டு கொடுத்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துச் சணல் ஆலை அதிபர் ஜேம்ஸ் கேர்டு 24,000 பவுண்டு கொடுத்தார். படகுக்கு வந்த பெயர் அவருடையதுதான். டண்டீ ஆலைகளுக்குச் சணல் வங்காளத்திலிருந்து போனது. நம் வங்கக் கடலின் வடகரையில் உழவர்கள் நீரில் நின்று உரித்த நார் அந்தப் பணத்துக்குள் இருக்கிறது என்பதை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஒருவரைக்கூட இழக்காமல் கொண்டுவந்தார்" என்பது பேச்சாளர்களுக்குப் பிடித்த வரி. அது 'எண்டூரன்ஸ்' கப்பலுக்கு மட்டும்தான் பொருந்தும். கண்டத்தின் மறுபக்கத்தில், ராஸ் கடல் பக்கம், ஷேக்கிள்டன் வரும் வழியில் உணவுக் கிடங்குகள் வைப்பதற்காக அவருடைய இன்னொரு குழு உழைத்துக்கொண்டிருந்தது. அவர் அந்த வழியாக வரவே இல்லை. அந்தக் குழுவில் மூன்று பேர் செத்துப்போனார்கள். தலைவரோடு இருந்தவர்கள் பிழைத்தார்கள், தலைவருக்காக வேறிடத்தில் உழைத்தவர்கள் மடிந்தார்கள் என்பதே முழுக் கணக்கு.

ஹாரி மெக்னிஷ் என்ற தச்சரை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்தச் சிறு படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே கூரை போட்டு, தென்கடலைத் தாங்கும்படி செய்தவர் அவர். கையில் கிடைத்த பலகையையும் கித்தானையும் வைத்தே அதைச் செய்து முடித்தார். ஆனால் பனியில் ஒருநாள் தலைவரை எதிர்த்துப் பேசிவிட்டார். கப்பல் மூழ்கிய பிறகு ஒப்பந்தம் செல்லாது என்று வாதாடினார். குழுவினருக்குத் துருவப் பதக்கம் வாங்கித் தந்தபோது ஷேக்கிள்டன் மெக்னிஷின் பெயரை விட்டுவிட்டார். அந்தத் தச்சர் 1930-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் வறுமையில் இறந்தார். வேலைக்காரரை நடத்தும் முறைக்கு இதை முன்மாதிரி என்று ஒரு படகுச் சொந்தக்காரரிடம் சொன்னால், பழவேற்காட்டில் அவர் படகில் மறுநாள் ஏற ஆள் இருக்காது.

ஷேக்கிள்டன் தொழில் செய்து பார்க்காதவரும் அல்ல. சிகரெட் வியாபாரம், ஹங்கேரியில் தங்கச் சுரங்கம் என்று பலவற்றில் இறங்கினார், எதுவும் விளங்கவில்லை. 1922-இல் அவர் இறந்தபோது சுமார் 40,000 பவுண்டு கடன் நின்றது. கடலில் அவ்வளவு கெட்டிக்காரராக இருந்தவருக்குக் கடைக்கணக்கு வரவில்லை. இது இழுக்கு அல்ல. இரண்டும் வேறு வேறு திறமை என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. அந்தச் சாட்சியத்தைத் திருப்பிப் போட்டுச் சிறுதொழில் செய்பவருக்கு வழிகாட்டியாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நம் நாட்டுக் கதைகளுக்கு வருவோம். கடற்படை அதிகாரிகள் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். நம் கரையில் பிறந்த ஒரு பெண் கேப் ஹார்னைப் பாய்மரத்தில் சுற்றி வந்தது நம் பெண் குழந்தைகள் எல்லாருக்கும் தெரியவேண்டிய செய்தி. ஆனால் அந்தப் பயணத்தில் அவர்கள் சம்பளம் நிற்கவில்லை. பல ஆண்டுப் பயிற்சி இருந்தது. பயிற்றுவித்தவர் தனியாகவும் நிற்காமலும் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அபிலாஷ் டோமி. படகு உடைந்திருந்தால் அந்த நஷ்டம் அவர்கள் வீட்டு நகையில் போய் முடிந்திருக்காது.

அபிலாஷ் டோமிக்கே 2018 செப்டம்பரில் என்ன நடந்தது என்று பாருங்கள். தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். மொரிஷியஸிலிருந்து பறந்த இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் அவர் படகைக் கண்டது. ஆஸ்திரேலியா உதவிக்கு வந்தது. கடைசியில் பிரான்சின் மீன்வளக் காவல் கப்பலான 'ஒசிரிஸ்' அவரைத் தூக்கியது. மூன்று நாடுகள் சேர்ந்து ஒருவரை மீட்டன. அப்படித்தான் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கி புயலில் குமரி மாவட்ட மீனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. தேடச் சொல்லி அவர்களுடைய குடும்பங்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. ரிஸ்க் என்ற ஒரே சொல்லை இந்த இருவருக்கும் ஒரே மாதிரி வழங்குவது எப்படி நியாயம்?

இந்தப் பாய்மரப் பயணங்களில் சிறுதொழிலுக்குப் பாடம் ஒன்று உண்டென்றால் அது கரையில் இருக்கிறது. அபிலாஷ் டோமி சென்ற 'மாதேய்', பிறகு 'தாரிணி' இரண்டையும் கட்டியது கோவாவின் திவார் தீவில் ரத்னாகர் தாண்டேகர் நடத்தும் படகுத் தளம். அளவு தவறாமல் ஃபைபர் ஒட்டி, சொன்ன தரத்தில் கொடுத்த ஒரு சிறுதொழில்காரர். அவரை எந்த ஊக்கப் பேச்சாளரும் திரையில் காட்டுவதில்லை.

பழவேற்காடு முகத்துவாரத்துக்கு வாருங்கள். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தெற்கு நுனி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் கிடக்கிறது. ஏரி கடலோடு சேரும் வாயில் மணல் தூர்ந்துகொண்டே இருக்கும். அலை அந்தத் திட்டின் மேல் வந்து உடையும். இருட்டோடு வரும் ஃபைபர் படகு அங்கே நேராகப் பாயாது. இன்ஜினைத் தணித்து, அலை உடையும் இடத்துக்கு உள்பக்கமாகவே நிற்கும். முன்னால் நிற்பவர் கழியை ஊன்றி ஆழம் பார்ப்பார். இன்ஜின் பிடிப்பவர் ஒன்றும் பேசாமல் அலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போனபின் கொஞ்சம் ஓயும்; அந்த இடைவெளியில்தான் விசையைத் திருகுவார். ஓயவில்லை என்றால் படகைத் திருப்பிக் கரைக்கு வந்துவிடுவார். அன்றைய டீசல் வீண், கூலி இல்லை. யாரும் அவரைக் கோழை என்று சொல்ல மாட்டார்கள். அவரோடு போன நான்கு பேரின் வீட்டில் அவர்மேல் நம்பிக்கை கூடும்.

படகைத் திருப்பிக்கொண்டு வந்த அந்த முடிவை எந்தப் பயிற்சி வகுப்பு பாடமாக வைத்திருக்கிறது? கடலை நன்றாக அறிந்தவர்கள் சாகசத்தைத் தேடிப் போவதில்லை. அதைக் குறைப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக ஏற்பாடுகள் செய்திருக்கிறார்கள். அவற்றில் முதன்மையானது பாடு.

கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் நெடுங்காலமாகப் பாடு முறையில் மீன்பிடிக்கின்றன. ஏரியில் வளர்ந்த இறால், நீர் வற்றும்போது முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். அந்த வழியில் கழி நட்டுச் சுத்து வலை கட்டுபவருக்கு இறால் கிடைக்கும். முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் கூடுதலாகக் கிடைக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். நல்ல இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய. "துணிந்தவருக்கே இடம்" என்று விட்டிருந்தால் ஒவ்வொரு இரவும் அங்கே வெட்டுக் குத்துதான். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள். இன்று நல்ல இடம் ஒரு குழுவுக்கு, நாளை அடுத்த குழுவுக்கு. தன் முறை வராத நாளில் ஒருவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே வலை கட்ட முடியாது. கட்டினால் ஊர் கேட்கும், அபராதம் விழும்.

முறை எப்போது வரும் என்று ஒரு வீட்டுக்குத் தெரிந்தால், அந்த நாளை நம்பி வலையைத் தைக்கலாம், ஆளைச் சொல்லி வைக்கலாம், கடைக்காரரிடம் தவணை கேட்கலாம். வருமானம் எவ்வளவு என்பது உறுதியில்லை. வாய்ப்பு எப்போது என்பது உறுதி. சிறுதொழிலுக்கு இதைவிட அடிப்படையான தேவை வேறு இல்லை. போட்டியில் வீணாகும் இரவுகளும் சண்டையில் கிழியும் வலைகளும் இந்த முறையால் மிச்சமாகின்றன.

இதே அறிவு வேறு கரைகளிலும் முளைத்திருக்கிறது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலைக்காரர்கள் தங்கள் சங்கங்கள் வழியாகச் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறார்கள். துருக்கியின் அலான்யா ஊர் மீனவர்கள் ஆண்டுதோறும் செப்டம்பரில் சீட்டுப் போட்டு, பிறகு நாளுக்கொரு இடமாக நகர்ந்து மீன்பிடித்ததை எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். பொதுச் சொத்தை மக்கள் தாங்களே வகுத்த விதிகளால் காக்க முடியும் என்று காட்டியதற்குத்தான் அந்தப் பரிசு. நோபல் குழு மதித்த அறிவு பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கும் தொலைவில் இருக்கிறது. அந்த ஊரில் போய்ப் பனிமலைப் படம் காட்டுகிறோம்.

பாடு முறையில் குறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த உரிமை பட்டினவர் சமூகத்தின் மணமான ஆண்களுக்குரியது. பெண்களுக்கு இல்லை. ஏரியில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு இல்லை. ஏரியை நம்பிய மற்ற ஊர்களும் இதைக் கேட்டிருக்கின்றன, சண்டையும் நடந்திருக்கிறது. கேட்பது நியாயம். முறையை விரித்து அவர்களையும் உள்ளே சேர்க்க வேண்டும். முறையே இல்லாமல் வலுத்தவர் கையில் விட்டுவிட்டால் இருளர்களுக்கு இப்போது கிடைப்பதும் போய்விடும்.

அடுத்தது பங்கு. படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனபின் டீசல், ஐஸ் செலவைக் கழிப்பார்கள். மீதியில் படகுக்கும் வலைக்கும் இவ்வளவு என்று ஒதுக்கி, எஞ்சியதை ஏறிப்போனவர்கள் பிரித்துக்கொள்வார்கள். மீன் படாத நாளில் யாருக்கும் கூலி இல்லை. பட்ட நாளில் எல்லாருக்கும் கூடும். நஷ்டம் ஒரு தலையில் விழுவதில்லை. இங்கே மெக்னிஷுக்குப் பதக்கம் கிடைத்திருக்குமோ என்னவோ, பங்கு கிடைத்திருக்கும்.

மீன் கரையேறியபின் தொழில் பெண்கள் கைக்கு வருகிறது. ஏலத்தில் நிற்கும் ஒரு அம்மாவைப் பக்கத்திலிருந்து பாருங்கள். கூடையில் மடவையும் கிழங்கானும் கலந்து கிடக்கின்றன. விலை கேட்கும் முன் மேலே இருக்கும் மீனை ஒதுக்கி, அடியில் இருப்பதன் செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். மனத்துக்குள் ஒரு தொகை வைத்திருக்கிறார். ஏலம் அதைத் தாண்டினால் ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் அடுத்த கூடைக்குப் போய்விடுகிறார். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டால், "பொன்னேரில என்னா வெலைக்குப் போவும்னு எனக்குத் தெரியும் தம்பி. அதுக்கு மேல எடுத்தா ஐஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் கையிலேர்ந்துதான் போடணும்" என்கிறார். விற்காமல் மிஞ்சினால்? "உப்பு எதுக்கு இருக்கு? கருவாடு போட்டுருவேன்."

அந்தப் பெண்ணிடம் மேல் வரம்பு இருக்கிறது, தரச் சோதனை இருக்கிறது, போக்குவரத்துச் செலவு மனக்கணக்கில் இருக்கிறது, விற்காத சரக்குக்கு மாற்றுவழி இருக்கிறது. அவரிடம் இல்லாதது துணிச்சல் அல்ல. நியாயமான வட்டிக்கு முதல். காலையில் ஏலத்துக்குக் கொண்டுவந்த பணம் பெரும்பாலும் தண்டல் பணம். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், அவர் கையில் சராசரியாக இருப்பது அந்த 8,500-இல் பாதிதான். ஆண்டு வட்டியாக மாற்றினால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். படகுக்காரர் கதையும் இதுதான். இன்ஜின் பழுதுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும், விலை அவர் சொன்னதுதான். இந்தச் சுருக்கு கழுத்தில் இருக்கும்போது "பெரிதாக யோசி, துணிந்து விரி" என்று சொன்னால் அதற்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: இன்னும் ஒரு தண்டல் வாங்கு.

துணிச்சலைத் தூண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழவேற்காட்டில் ஒரு கறுப்பு நாள் இருக்கிறது. 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏற்றக்கூடாத அளவுக்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள், உயிர்காப்புச் சட்டை இல்லை. மீன்பிடி படகைச் சவாரிக்கு விடுவது அந்த ஊருக்கு ஒரு பக்க வருமானம். புதிய சந்தை, வாய்ப்பு, கிடைத்த கூட்டத்தை விடாதே என்று வகுப்புகளில் புகழப்படும் அதே பாய்ச்சல்தான் அது. ஒரு விதி, ஒரு எண்ணிக்கை வரம்பு, ஒரு சட்டை, வேண்டாம் என்று சொல்லும் ஒரு அதிகாரி, இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் அத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள். அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. ஒழுங்காக நடத்தியிருக்கக்கூடிய ஒரு தொழிலும் அந்த ஊருக்கு இல்லாமல் போனது.

ரிஸ்க் இல்லாமல் வளர்ச்சி ஏது, கட்டுமரத்தை விட்டு ஃபைபர் படகுக்கு மாறியது துணிச்சல் இல்லையா என்று கேட்பார்கள். அந்த மாற்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் ஒருவர் வாங்குவார், மற்றவர்கள் ஒரு பருவம் பார்ப்பார்கள். ஓடுகிறது, அலையைத் தாங்குகிறது, பழுது பார்க்க ஆள் கிடைக்கிறது என்று தெரிந்தபின் மாறுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நிதானம் கலைந்தது. உதவி என்று வந்தவர்கள் தமிழகக் கரை நெடுகப் படகுகளை அள்ளிக் கொடுத்தார்கள். பல ஊர்களில் படகு பெருகியது, மீன் பெருகவில்லை. வளர்ச்சி என்று பெயர் வைத்த அந்த அவசரத்தின் விலையை மீனவர்கள் டீசலாகவும் வெறும் வலையாகவும் கட்டினார்கள்.

கதை ஒரு உந்துதலுக்காகத்தானே, அதையும் கெடுப்பானேன் என்பது இன்னொரு வாதம். உந்துதலுக்கு நான் எதிரி அல்ல. 1994-இல் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனைப் பற்றி ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லட்டும். 1971-இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றியும் சொல்லட்டும். ஆனால் ஆனந்தன் 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரிடம் துணிச்சலும் பயிற்சியும் உறுதியும் குறைவாகவா இருந்தன? கடல் அதைப் பார்ப்பதில்லை. மேடைக்கு வந்து பாடம் சொல்பவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள்; பிழைக்காதவர்களிடமும் அதே துணிச்சல் இருந்தது என்று சொல்ல மேடையில் ஆள் இல்லை. தொழிலிலும் இப்படித்தான். துணிந்து வீட்டை அடகு வைத்துக் கடை போட்டு மூடியவர்களை யாரும் பேசக் கூப்பிடுவதில்லை.

இந்தச் சாகசப் பேச்சு இன்னொன்றையும் மறைக்கிறது. குப்பங்களின் மேல் விழும் ஆபத்தில் பெரும்பகுதி அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைய பாடு போயிற்று. முகத்துவாரம் தூர்ந்தால் ஏரியில் இறால் குறையும், படகு தட்டும். பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின்தான் அதை நிலையாகத் திறந்து வைக்க 26.85 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்க அதானி நிறுவனம் திட்டம் வைத்தபோது, கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும் என்று இந்தக் குப்பங்கள் எதிர்த்து எழுந்தன. அந்த எதிர்ப்பில் ஒரு தொழில்காரரின் கூர்மை இருக்கிறது. தன் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர் அதைக் காக்கப் போராடுகிறார். மாற்றத்துக்குப் பயந்தவர்கள், துணிந்து வேறு தொழில் தேடாதவர்கள் என்று அவர்களைப் பார்த்துச் சொல்லும் துணிவு எப்படி வருகிறது?

வகுப்பு நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டல் கணக்கைக் கரும்பலகையில் போட்டு, அதே தொகையைக் குழுக்கடனாக வங்கியில் வாங்கினால் என்ன மிச்சம் என்று அந்தப் பெண்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 சேர்த்து 4,500-ஆகத் திருப்பித் தரும் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏலத்தில் கூடைக் கணக்கில் போகும் இறாலைத் தராசில் வைத்தால் விலை எப்படி மாறும் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு விலை சொல்பவர் யார், அவர்கள் பத்துப் பேர் சேர்ந்து விற்றால் என்ன விலை கிடைக்கும் என்று கேளுங்கள். பனிமலைப் படத்துக்கு ஒதுக்கிய அரை மணி நேரத்தை எடுத்து, முகத்துவாரத்திலிருந்து படகைத் திருப்பிக்கொண்டு வந்த அந்த மனிதரிடம் கொடுங்கள். எப்போது போகக் கூடாது என்பதை அவர் சொல்லட்டும், வகுப்பெடுக்க வந்தவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.